ஒரு பல், நான்கு மில்லிமீட்டர்

48 பல் ஸ்பிராக்கெட்டைப் பின் சக்கரத்தில் மாட்டி, நட்டுகளை எல்லாம் இறுக்கி, செயினைத் தூக்கிச் சுற்றிப் போட்ட பிறகுதான் தெரிந்தது, செயின் எட்டவில்லை. சக்கரத்தை முன்னால் தள்ளிப் பார்த்தேன். எட்டு மில்லிமீட்டர் நகர்ந்தது, அதற்கு மேல் இடமில்லை. செயினின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நிற்க வேண்டும். இப்போது இரவு ஒன்பதரை.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கணக்குப் போட்டு வாங்கினீங்களா சார், இல்ல கண்ணால பார்த்தே வாங்கினீங்களா?"

கண்ணால் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். பல்லைக் கூட்டினால் பைக் சீறும் என்று தெரியும். அந்தப் பல் செயினின் நீளத்தையும், அந்த நீளம் பின் சக்கரம் நிற்கும் இடத்தையும், அந்த இடம் வண்டி வளைகிற விதத்தையும் பிடித்து இழுக்கும் என்பது அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை.

முதலில், பல்லை ஏன் மாற்ற வேண்டும்? என் வண்டியில் கம்பெனி போட்டுக் கொடுத்தது முன்னால் 15 பல், பின்னால் 45. முன் ஸ்பிராக்கெட் மூன்று முறை சுற்றினால் பின் சக்கரம் ஒரு முறை சுற்றும். இந்த விகிதத்தைத் தேர்ந்தவர்கள் நெடுஞ்சாலையை நினைத்துத் தேர்ந்திருப்பார்கள். ஆறாவது கியரில் நூறில் போகும்போது இன்ஜின் கத்தக் கூடாது, பெட்ரோல் குடிக்கக் கூடாது, பின்னால் உட்கார்ந்தவரின் கால் மரத்துப்போகக் கூடாது. பந்தயத் தடத்தில் இந்தக் கவலை எதுவும் இல்லை. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இன்னும் சிறியது, 2.1 கிலோமீட்டர்தான். இரண்டிலும் ஒரு நடுத்தர பைக் ஆறாவது கியரை முழுதாகப் பயன்படுத்தும் முன்பே நேர்ப்பாதை முடிந்துவிடும். வாங்கிய கியரில் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைத் தொட்டுவிட்டுப் போகலாம். பின் பல்லைக் கூட்டினால் 'பவர் கூடும்' என்பார்கள். கூடாது. இன்ஜின் தருகிற குதிரைத்திறன் அதேதான். செயின் வழியில் நூற்றுக்கு இரண்டு மூன்று உராய்வில் போகும், மீதி சக்கரத்துக்கு வரும். ஒரு குறிப்பிட்ட கியரில் சக்கரத்தைத் திருப்பும் விசை கூடும், உண்மை. அதற்கு ஈடாக அந்தக் கியர் சீக்கிரம் தீர்ந்துபோகும். கிணற்றில் கப்பியை மாற்றுவதால் தண்ணீர் கூடிவிடாது, இழுக்கிற கைக்கு வாகு மாறும், அவ்வளவுதான். எந்த வேகத்தில் போகும்போது இன்ஜின் எத்தனை சுற்றில் இருக்கும் என்பதைத்தான் பல் தீர்மானிக்கிறது.

அந்த 'அவ்வளவுதான்' தடத்தில் சாதாரண விஷயமில்லை. ஒரு வளைவிலிருந்து மூன்றாவது கியரில் வெளியே வருகிறீர்கள், இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்து 15-ஐ 14 ஆக்கினால், அதே வளைவில் அதே வேகத்தில் அது 7,500 ஆகும். சிறிய இன்ஜின்கள் உச்சத் திறனை மேலே 9,000 பக்கம் வைத்திருப்பவை. அந்த 500 சுற்று, திராட்டிலைத் திறந்ததும் வண்டி யோசிக்கிறதா பாய்கிறதா என்பதை முடிவு செய்யும். இன்னொரு கணக்கும் உண்டு. நேர்ப்பாதையின் கடைசியில், பிரேக் பிடிக்கும் இடத்தில், பழைய பல்லில் இன்ஜின் 8,400-இல் திணறிக்கொண்டிருந்தால், புதிய பல்லில் 9,000-ஐத் தொடும். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. அந்த இடத்தில் இன்ஜின் தன் உச்சத் திறனில் நின்றால்தான் காற்றை இன்னும் கொஞ்சம் தள்ளும். ஆகவே 'டாப் ஸ்பீடு குறையும்' என்று எல்லோரும் பயப்படுகிற அந்த மாற்றம், கியர் தேவைக்கு மேல் நீளமாக இருந்த வண்டியில் டாப் ஸ்பீடைக் கூட்டவும் செய்யலாம். நம்ப மறுத்த ஒரு நண்பரை நானே பார்த்திருக்கிறேன், பழைய 15 பல்லுக்கே திரும்பிப் போய் மெதுவாக ஓட்டினார்.

அதற்காகக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. முன்னால் போகிறவரின் காற்று நிழலில் ஒட்டிக்கொண்டால் வேகம் சட்டென்று நான்கைந்து கிலோமீட்டர் ஏறும். அந்த நேரத்தில் இன்ஜின் சுற்று எல்லையில் முட்டி 'டட்டட்ட' என்று இருமினால், முந்துவதற்குக் கிடைத்த வாய்ப்பு போயிற்று. அனுபவசாலிகள் அதற்காகச் சில நூறு சுற்றுகளைக் கையிருப்பில் வைத்திருப்பார்கள். வண்டி சாயும்போதும் ஒரு விளையாட்டு நடக்கிறது. டயரின் நடுப்பகுதியை விட ஓரத்தின் சுற்றளவு சிறியது. வளைவில் சாய்ந்ததும் டயர் ஓரத்தில் உருளத் தொடங்கும். அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றும். யாரும் பல்லைத் தொடாமலே கியர் தானாகக் குட்டையாகிவிடுகிறது. மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கும் தடத்தில் டேக்கோமீட்டர் காட்டும் எண்ணும் கொஞ்சம் விலகி நிற்க இது ஒரு முக்கியக் காரணம்.

எப்படியோ, எனக்குத் தேவையான விகிதம் மூன்றேகால் பக்கம் என்று முடிவாகியிருந்தது. அதற்கு இரண்டு வழி. முன்னால் 14 போட்டு, பின்னால் 45-ஐ அப்படியே விட்டால் 3.21. முன்னால் 15-ஐ விட்டுவிட்டுப் பின்னால் 48 போட்டால் 3.20. முன்னால் ஒரு பல், பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். முன் ஸ்பிராக்கெட் விலையும் குறைவு, மாற்றுவதும் எளிது. நான் ஏன் பெரிய தட்டை வாங்கினேன்?

செயின் ஒரு வட்டத்தின் மேல் ஓடுவது போலத் தெரியும். உண்மையில் அது ஒரு பலகோணத்தின் மேல் ஓடுகிறது. ஒவ்வொரு கண்ணியும் நேர்க்கோடு. வளைவது கண்ணிகள் சேரும் முனையில் மட்டும். பல் குறையக் குறையப் பலகோணம் முரட்டுத்தனமாகும். இதனால் ஸ்பிராக்கெட் சீராகச் சுற்றினாலும் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முறை ஏறி இறங்கும். 15 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 2.2 சதவீதம், 14-இல் 2.5, 12 பல்லுக்குப் போனால் 3.4. பின் ஹப்பில் இருக்கும் ரப்பர் கட்டைகள் இதில் கொஞ்சத்தை விழுங்கிக்கொள்ளும். விழுங்காத மிச்சம் தேய்மானமாகத் திரும்பி வரும். இதோடு, 14 பல் சக்கரத்தின் ஆரம் சிறியது என்பதால் அதே முறுக்கு விசைக்குச் செயின் ஏழு சதவீதம் கூடுதலாக இழுபடும். ஒவ்வொரு கண்ணியும் சக்கரத்தில் ஏறும்போது 24 பாகை மடங்கியது இனி 25.7 பாகை மடங்கும். செயினுக்கு இது எவ்வளவு வேலை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மணிக்கு 150 கிலோமீட்டரில் நொடிக்கு ஏறத்தாழ 990 கண்ணிகள் அந்தச் சின்னச் சக்கரத்தின் மேல் மடங்கி நிமிர்கின்றன. வண்டி 150-இல் போக, செயின் மட்டும் 56-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்பது ஒரு வேடிக்கை.

இந்தச் செயினின் வடிவம் வயதானது. சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் உருளையும் புஷ்ஷும் கொண்ட செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். சைக்கிளிலிருந்து சூப்பர்பைக் வரை இன்றைக்கும் அதன் வழித்தோன்றல்தான். நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு: அம்பத்தூரில் டைமண்ட் செயின், கோவையில் ரோலான் என்று இரண்டு பெரிய பெயர்கள் இங்கிருந்துதான் வருகின்றன. செயின் தகட்டில் குத்தியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. 520 என்றால், முதல் 5 ஒரு கண்ணியின் நீளம்: எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர். அடுத்த 20 உள் அகலம்: கால் அங்குலம். 428 என்றால் கண்ணி அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். பெரிய பைக்குகளில் 525, 530 போட்டு வரும் செயினைக் கழற்றிவிட்டுத் தடத்துக்கென்று 520 மாட்டுவது எடையைக் குறைக்கத்தான். கண்ணியின் நீளம் மூன்றிலும் ஒன்றே.

இப்போது மெக்கானிக் கேட்ட கணக்கு. முன் ஸ்பிராக்கெட்டின் மையத்திலிருந்து பின் ஆக்சில் வரை என் வண்டியில் 630 மில்லிமீட்டர். மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று செயின் இந்தத் தூரத்தை இரண்டு முறை கடக்கிறது: 1,260. அதைக் கண்ணி நீளமான 15.875-ஆல் வகுத்தால் 79.4 கண்ணி. பிறகு, செயின் ஒவ்வொரு சக்கரத்தையும் ஏறத்தாழப் பாதி சுற்றிக்கொள்கிறது. ஆகவே 15-ஐயும் 45-ஐயும் கூட்டிப் பாதி: 30. பின் சக்கரம் பெரிதாக இருப்பதால் செயின் சாய்ந்து போகிறதே, அதற்கு ஒரு சின்னத் திருத்தம்: பற்களின் வித்தியாசத்தை 6.28-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, கண்ணிக் கணக்கில் சொன்ன அச்சுத் தூரமான 39.7-ஆல் வகுக்க வேண்டும். இங்கே அது 0.6. மொத்தம் 110 கண்ணி. பெட்டியில் எழுதியிருந்ததும் அதுவே.

அதே இடத்தில் ஆக்சிலை வைத்துக்கொண்டு 48 போட்டால்? விடை 111.6. என் செயினில் இருப்பது 110. ஒன்றரைக் கண்ணிக்கு மேல் பற்றாக்குறை. அதை ஈடுகட்டச் சக்கரம் 13 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டும். அட்ஜஸ்டரில் இருந்ததோ எட்டு. அந்தச் சுண்டுவிரல் இடைவெளி எங்கிருந்து வந்தது என்று காகிதத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

சரி, ஒன்றரைக் கண்ணியைச் சேர்த்துவிட்டால்? அங்கேதான் செயின் தன் பிடிவாதத்தைக் காட்டுகிறது. அது முழு எண்களில் மட்டுமே பேசும், அதிலும் இரட்டைப்படையில் மட்டும். ஒரு கண்ணி உள் தகடு, அடுத்தது வெளித் தகடு, மறுபடி உள் என்று மாறி மாறி வருவதால், முனைகள் சேர வேண்டுமானால் எப்போதும் ஜோடியாகத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஒரு பக்கம் உள்ளாகவும் மறுபக்கம் வெளியாகவும் வளைந்த ஒற்றைக் கண்ணி ஒன்று உண்டு. அது பலவீனமானது, வேகமாக ஓடும் பைக்கில் யாரும் போடுவதில்லை. பல் ஒன்று ஒன்றாக மாறும், கண்ணி இரண்டிரண்டாக மாறும். இந்த இரண்டுக்கும் நடுவே விழும் பாக்கியை எல்லாம் தீர்த்துவைப்பது ஆக்சில் நகரும் அந்தச் சின்னத் துளைதான்.

அளவு நினைவில் வைக்க எளிது. 520 செயினில் முன்னாலோ பின்னாலோ ஒரு பல் மாறினால் ஆக்சில் சுமார் நான்கு மில்லிமீட்டர் நகரும். கூட்டினால் முன்னால், குறைத்தால் பின்னால். இரண்டு கண்ணியைக் கழற்றினால் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் முன்னால் வரும். எந்தப் பல்லுக்கு எந்த நீளம், ஆக்சில் எங்கே நிற்கும் என்று வீட்டிலேயே ஒரு அட்டவணை எழுதி டூல் பாக்ஸின் மூடியில் ஒட்டிவைப்பவர்கள் உண்டு. அவர்கள் இரவு ஒன்பதரைக்கு யாருக்கும் போன் போடுவதில்லை.

நான்கு மில்லிமீட்டர் என்ன பெரிய தூரம் என்று தோன்றலாம். ஆக்சில் பின்னால் போனால் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள நீளம் கூடும். முன் சக்கரத்தின் மேல் எடை கொஞ்சம் ஏறும், வண்டி நேராக ஓடப் பிரியப்படும், முன் சக்கரம் எளிதில் தூக்காது. முன்னால் வந்தால் வளைய ஆசைப்படும், பின் டயர் தரையைப் பற்றும், கூடவே முன்பக்கம் லேசாகும். ஐந்து மில்லிமீட்டரை என்னைப் போன்றவர்கள் உணர்வோம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். 16 மில்லிமீட்டரை உணராதவர் இருக்க முடியாது. கியர் விகிதத்தை மாற்றாமல் ஆக்சிலை மட்டும் நகர்த்த வேண்டும் என்பதற்காகவே முன்னும் பின்னும் பல்லைக் கூட்டுகிற குழுக்கள் உண்டு: 15/45-க்குப் பதில் 16/48. விகிதம் மூன்றே; சக்கரம் நிற்கும் இடம் மட்டும் வேறு.

இதை விடவும் நுட்பமானது செயின் போகும் கோணம். திராட்டிலைத் திறந்ததும் எடை பின்னால் சாய்ந்து பின் சஸ்பென்ஷன் அமுங்கப் பார்க்கும். அதே நேரத்தில் செயினின் மேல் பகுதி விறைத்து இழுக்கிறது. சுவிங் ஆர்ம் திரும்பும் அச்சுக்கு மேலே, சாய்வாகப் போகும் அந்த இழுப்பு, சக்கரத்தைக் கீழே அழுத்தி வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கும். அமுக்குவதும் தூக்குவதும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஒரு சமநிலைக்கு வருகின்றன. பின் ஸ்பிராக்கெட் பெரிதானால் செயினின் சாய்வு கூடும், தூக்கும் பக்கம் வலுக்கும். என் 48, செயினைப் பின்னால் ஏழரை மில்லிமீட்டர் உயர்த்தியிருந்தது. முன்னால் 14 போட்டிருந்தால் செயின் அங்கே இரண்டரை மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். இரண்டும் ஒரே திசையில்தான் வேலை செய்யும். அளவு மிஞ்சினால் வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்பக்கம் கட்டையாகி டயர் துள்ளும். குறைந்தால் பின்பக்கம் உட்கார்ந்து, முன் சக்கரம் லேசாகி, வண்டி வெளியே விரிந்து ஓடும். ஸ்பிரிங்கைக் குறை சொல்லிக் கொண்டிருப்போம், காரணம் பல்லில் இருக்கும்.

தொய்வைப் பற்றிச் சொல்லாமல் போனால் மெக்கானிக் கோபித்துக்கொள்வார். செயினை வீணைத் தந்தி மாதிரி முறுக்கிவைப்பது தடத்துக்கு வருகிற புதியவர்கள் செய்யும் முதல் தவறு. முன் ஸ்பிராக்கெட்டின் மையமும் சுவிங் ஆர்ம் திரும்பும் அச்சும் ஒரே இடத்தில் இல்லை. பிஎம்டபிள்யூ ஜி 450 எக்ஸ் போல இரண்டையும் ஒன்றாக வைத்த வண்டிகள் அபூர்வம். மற்றவற்றில், சஸ்பென்ஷன் அமுங்கி, ஸ்பிராக்கெட் மையம், சுவிங் ஆர்ம் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் செயின் மிக இறுக்கமாகும். ஸ்டாண்டில் நிற்கும்போதே செயின் விறைப்பாக இருந்தால், அந்தக் கணத்தில் நீள வழியின்றி சஸ்பென்ஷனையே பூட்டிவிடும். பின் டயர் பிடி இழக்கும். கியர்பாக்ஸின் அவுட்புட் பேரிங் அடி வாங்கும். "ரெண்டு பேரை மேல உக்கார வைங்க சார், அந்த மூணும் நேரா வர்ற இடத்துல விரலை விட்டு ஆட்டிப் பாருங்க. அப்பவும் கொஞ்சம் ஆடணும்." மெக்கானிக்கின் இந்த வாக்கியத்துக்கு மேல் எந்தக் கையேடும் எனக்குச் சொன்னதில்லை.

ஆக்சில் நட்டை இறுக்கும்போது ஒரு துணியைச் சுருட்டிச் செயினுக்கும் பின் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே வைத்துச் சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டினால், ஆக்சில் அட்ஜஸ்டரோடு ஒட்டி நிற்கும், நகராது. சுவிங் ஆர்மில் இருக்கும் கோடுகளை நம்பாமல், இரண்டு பக்கமும் சுவிங் ஆர்ம் அச்சிலிருந்து ஆக்சில் வரை அளந்து பார்ப்பது நல்லது. இந்த வேலை முழுவதும் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். ஓடும் செயினைத் துணியால் துடைக்கப் போய் விரலை இழந்தவர்கள் இந்தத் தொழிலில் கொஞ்ச நஞ்சம் இல்லை.

அன்று இரவு என்ன ஆயிற்று? என் பழைய செயினோடு புதிதாக இரண்டு கண்ணியைச் சேர்த்துத் தரும்படி மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். பழைய செயின் 'நீண்டுவிட்டது' என்று நாம் சொல்வது, தகடு நீள்வதை அல்ல; ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து உண்டாகும் இடைவெளிகளின் கூட்டுத்தொகை அது. தேய்ந்த கண்ணிகளுக்கு நடுவே தேயாத இரண்டு வந்தால் அவை மட்டும் பல்லில் வேறு இடத்தில் உட்காரும், ஒவ்வொரு சுற்றிலும் இடிக்கும். கடை பூட்டுவதற்குள் 120 கண்ணிப் புதுச் செயின் ஒன்றை எடுத்து வந்தார். பின்னின் தலையைக் கிரைண்டரில் தேய்த்து, 112-இல் வெட்டி, கிளிப் போட்ட லாக்கை ஒதுக்கிவிட்டு ரிவெட் லாக் அடித்தார். கணக்குப்படி ஆக்சில் பழைய இடத்திலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் பின்னால் நிற்க வேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், கிட்டத்தட்ட அங்கேதான் நின்றது.

வெட்டி எடுத்த மிச்சம் எட்டுக் கண்ணி. கணக்குக்கு 127 மில்லிமீட்டர், சரியாக ஐந்து அங்குலம். அதைக் கழற்றிய பழைய செயினுக்குப் பக்கத்தில் தரையில் நீட்டிவைத்து முதல் பின்னை ஒன்றாகப் பொருத்தினார். எட்டாவது கண்ணிக்கு வரும்போது பழையது ஒரு மில்லிமீட்டருக்கும் மேலாகத் தள்ளி நின்றது. ஒரு சதவீதத் தேய்மானம், தூக்கிப் போட வேண்டிய அளவு. அந்தத் துண்டை ஒரு கம்பியில் கோத்து என் டூல் பாக்ஸிலேயே போட்டுக் கொடுத்தார்.

"அடுத்த தடவை இதை வச்சுப் பார்த்துட்டு போன் போடுங்க," என்றார்.